சிறுநீரகத்தை நாம் கைவிட்டோம்

1984 அக்டோபரில் தமிழ்நாடு ஓர் உறுப்பைப் பற்றி வீதியில் நின்று பேசியது. சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட முதலமைச்சர் எம்.ஜி.ஆருக்குச் சர்க்கரை நோயால் சிறுநீரகம் செயலிழந்திருந்தது. அடுத்தடுத்து லேசான மாரடைப்பும் பெரிய பக்கவாதமும் வந்தன. நவம்பரில் நியூயார்க் நகரின் புரூக்ளினுக்குக் கொண்டுபோனார்கள். டிசம்பரில் அண்ணன் மகள் லீலாவதி தந்த சிறுநீரகத்தைப் பொருத்தினார்கள். அந்த மாதங்களில் தமிழகமெங்கும் திரையரங்குகளில் ‘ஒளிவிளக்கு’ படத்தின் பிரார்த்தனைப் பாட்டு ஒலித்தது. அதை எழுதியவர் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த வாலி. திருச்சியைத் தலைநகராக்க நினைத்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர். நம் ஊரும் சேர்ந்துதான் வேண்டிக்கொண்டது. 1985 பிப்ரவரியில் அவர் திரும்பி வந்தார். 1987 டிசம்பர் 24 அன்று இதயம் நின்று காலமானார்.

சர்க்கரை, சிறுநீரகம், இதயம் மூன்றும் ஒரே உடலில் சேர்ந்து பழுதானதை ஒரு மாநிலமே நாளிதழில் படித்தது. அதிலிருந்து டயாலிசிஸ் என்ற சொல்லைக் கற்றுக்கொண்டோம். ஒருவர் சிறுநீரகத்தை இன்னொருவருக்குத் தரலாம் என்று கற்றுக்கொண்டோம். சர்க்கரை உள்ளவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதை மட்டும் கற்கவில்லை. நாற்பது ஆண்டு கழிந்தும் கற்கவில்லை. திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் வாழும் நாம் எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொள்ள வேண்டிய முதல் தவறு இது. கடைசிக் கட்டத்தில் என்ன செய்வது என்று தெரிந்துகொண்டோம். தொடக்கத்தில் என்ன செய்வது என்று கேட்கவே இல்லை.

கொள்ளிடம் வாங்காவிட்டால்

இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. ஒவ்வொன்றும் சுமார் 150 கிராம் எடையுள்ள இரண்டு உறுப்புகளுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் ரத்தம். ஒரு நாளில் அவை 180 லிட்டர் அளவுக்கு நீரை வடிகட்டுகின்றன. ஒன்றரை இரண்டு லிட்டரைச் சிறுநீராக வெளியே அனுப்பிவிட்டு மீதியை ரத்தத்துக்கே திருப்பித் தருகின்றன. எவ்வளவு உப்பு உடம்பில் நிற்க வேண்டும், எவ்வளவு போக வேண்டும் என்று முடிவு செய்வதும் அவைதான்.

காவிரிக்கரைக்காரர்களுக்கு இது புரியாத கணக்கு இல்லை. மேட்டூரிலிருந்து வெள்ளம் வரும்போது முக்கொம்பில் உபரி நீரைக் கொள்ளிடத்தில் திருப்பிவிடுகிறார்கள். அதனால்தான் ஸ்ரீரங்கம் பிழைத்திருக்கிறது. கொள்ளிடம் வாங்காவிட்டால் தண்ணீர் ஊருக்குள் ஏறும். உடம்பில் சிறுநீரகம் வாங்காவிட்டால் தண்ணீர் முதலில் காலில் நிற்கும், பிறகு வயிற்றில், கடைசியில் நுரையீரலில். 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய முக்கொம்பு மேலணையில் 2018 ஆகஸ்ட் 22 இரவு ஒன்பது மதகுகள் அடித்துப்போயின. திரண்டு போய்ப் பார்த்தோம். பராமரிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று கோபப்பட்டோம். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. நம் உடம்பின் மதகுகளை நாம் பராமரிக்கவில்லை என்ற நினைப்பு மட்டும் அப்போதும் வரவில்லை.

சிறுநீரகம் தேயும்போது இதயத்துக்கு வரும் கேடு தண்ணீரால் மட்டும் வருவதில்லை. ரத்த அழுத்தம் ஏறுகிறது; அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்துப்போகிறது. ரத்த அணுக்களை உருவாக்கத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் குறைந்து சோகை வருகிறது. நீர்த்த ரத்தத்தைக் கொண்டு உடம்புக்கு ஆக்சிஜன் கொடுக்க இதயம் கூடுதலாக உழைக்கிறது. வெளியேற வேண்டிய பாஸ்பரஸ் தங்கி, ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிகிறது.

எதிர்த்திசையிலும் இதுவே நடக்கிறது. இதயம் தளர்ந்தால் சிறுநீரகத்துக்கு வரும் ரத்தம் குறைகிறது. திரும்பிப் போக வேண்டிய ரத்தம் சிரைகளில் தேங்கிச் சிறுநீரகத்தை அழுத்துகிறது. உடம்பில் நீரே இல்லை என்று எண்ணி அது உப்பையும் தண்ணீரையும் இறுக்கிப் பிடிக்கிறது. அந்தத் தண்ணீர் முழுக்கத் தளர்ந்த இதயத்தின் தலையில்தான் விழுகிறது. எது முதலில் தொடங்கினாலும் இரண்டும் சேர்ந்தே சரிகின்றன. இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குச் சிறுநீரகமும் பழுதாகியிருக்கிறது. நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளில் டயாலிசிஸ் வரை போகிறவர்களைவிட, அதற்கு முன்பே இதய நோயால் இறந்துபோகிறவர்கள்தான் அதிகம். ‘ஹார்ட் அட்டாக், ராத்திரி தூக்கத்திலேயே போய்ட்டார்’ என்று நாம் துக்கம் விசாரித்துவிட்டு வந்த வீடுகளில் எத்தனை வீட்டில் சிறுநீரகம்தான் முதலில் போயிருந்தது என்று நாம் கேட்டதில்லை.

வீட்டுக்குள் செய்த தவறுகள்

நம் வீடுகளில் சர்க்கரை பார்க்கும் கருவி இருக்கிறது. பிரஷர் பார்க்கும் கருவி இருக்கிறது. நெஞ்சில் சுருக்கென்றால் இசிஜி எடுக்கிறோம். மருத்துவர் சொல்லாவிட்டாலும் ‘ஒரு எக்கோ எடுத்துடலாமா சார்?’ என்று நாமே கேட்கிறோம். சிறுநீரில் ஆல்புமின் பார்க்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. அது ஒரு சிறிய புட்டி சிறுநீரில் முடிகிற சோதனை. சிறுநீரகம் நோகத் தொடங்கியதை முதலில் சொல்வது அந்தச் சோதனைதான்.

கிரியாட்டினின் பார்த்தாயிற்று, நார்மல் என்று நிம்மதி அடைகிறோம். சிறுநீரகத் திறன் பாதிக்கு மேல் குறைந்த பிறகுதான் பலருக்கு அந்த எண் தெளிவாக ஏறும். 25 வயது இளைஞருக்கு கிரியாட்டினின் 1.2 என்றால் வடிகட்டும் திறன் ஏறத்தாழ 86, கவலை இல்லை. அதே 1.2 எழுபது வயது அம்மாவுக்கு என்றால் ஏறத்தாழ 49. அறுபதுக்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் இருந்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். ஒரே தாளில் ஒரே எண். மகனுக்கு ஆரோக்கியம், தாய்க்கு மூன்றாம் நிலை நோய். வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட இஜிஎஃப்ஆர் என்ற அந்த இரண்டாவது எண்ணை நாம் படித்ததே இல்லை.

ஸ்ரீரங்கத்தின் சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் முதியவர்கள் தனியாக வாழும் வீடுகள் எத்தனையோ. பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். ‘ஒண்ணும் இல்லப்பா, கால் கொஞ்சம் வீங்கியிருக்கு, நடந்தா சரியாயிடும்’ என்று வீடியோ காலில் அம்மா சொல்கிறார். பிள்ளைகளான நாம் நம்பிவிடுகிறோம். பைபாஸ் என்றால் லட்சங்களை அனுப்பத் தயாராக இருக்கும் நாம், ‘காலை அழுத்தினா குழி விழுதாம்மா? படுத்தா மூச்சு வாங்குதா? ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கே?’ என்று கேட்டதில்லை. எக்கோவில் பம்பிங் 60 என்று வந்தால் இதயம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டினோம். பம்பிங் குறையாமலே இதயம் விறைத்துப்போய் ரத்தத்தை வாங்க முடியாமல் திணறும் வகை உண்டு. நீண்ட கால பிரஷர், சர்க்கரை, சிறுநீரகப் பழுது உள்ள வயதான பெண்களிடம் அது அதிகம்.

முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் நாமே மாத்திரை கேட்டு வாங்கினோம். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் என்று பெயர்கூட வேண்டியதில்லை. ‘அந்த மஞ்சள் அட்டை மாத்திரை’ என்றாலே கிடைத்தது. இந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. உப்பையும் நீரையும் உடம்பில் தேக்குகின்றன. நீர் பிரிய மருத்துவர் கொடுத்த லாசிக்ஸை வேலை செய்யவிடாமல் கெடுக்கின்றன. இதயச் செயலிழப்பு உள்ளவர் ஒரு வாரம் அதைப் போட்டுக்கொண்டால் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்குப் போகும்படி ஆகலாம். அம்மாவுக்கு வலி தாங்கவில்லை என்ற அன்பில்தான் வாங்கிக் கொடுத்தோம். அறியாத அன்பும் கேடு செய்யும்.

உப்பில் செய்த தவறு இன்னும் பழையது. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே போதும் என்கிறது. சாம்பாரிலும் ரசத்திலும் போட்ட பிறகு, வடுமாங்காய், நார்த்தங்காய், அப்பளம், வடகம், மோர்மிளகாய், மணப்பாறை முறுக்கு என்று நம் இலையில் ஏறும் உப்புக்குக் கணக்கே இல்லை. மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொன்னதும் பல வீடுகள் இந்துப்புக்கு மாறின. இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகம் பழுதானவருக்கு அது ஆபத்து. காவிரிக்கரையில் வாழையும் தென்னையும் சூழ வாழ்கிறோம். ‘வாழைத்தண்டுச் சாறு குடிச்சா கிட்னியைக் கழுவிடும்’ என்று யார் யாருக்கோ சொல்லியிருக்கிறோம். நோய் முற்றியவருக்கு வாழைப்பழத்திலும் இளநீரிலும் உள்ள பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே குலைக்கும். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொடிகளையும் ‘பக்கவிளைவே கிடையாது’ என்று பரிந்துரைத்தோம்.

பிறகு, மாத்திரையை நிறுத்தினோம். ‘பிரஷர் நார்மல் ஆயிடுச்சு, இன்னும் எதுக்கு? ஆயுசு பூரா மாத்திரையா?’ என்று நிறுத்தினோம். மாத்திரையால்தான் நார்மலாக இருக்கிறது என்று யோசிக்கவில்லை. 2020இல் தமிழ்நாட்டில் எடுத்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம். சர்க்கரை நோயாளிகளில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 10.8 சதவீதம். சிறுநீரகத்தைக் கெடுக்கும் இரண்டு பெரிய காரணங்கள் இவை. நோயுள்ள நூறு பேரில் ஏறத்தாழத் தொண்ணூறு பேர் அவற்றை அவிழ்த்துவிட்டிருந்தோம்.

பெண்களுக்கும் தொழிலாளிகளுக்கும் செய்தவை

இந்தியாவில் உயிரோடு இருக்கும்போதே சிறுநீரகம் தருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெற்றுக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். கணவனுக்கு மனைவி தருகிறார், மகனுக்குத் தாய் தருகிறார். மனைவிக்கு நோய் என்றால் குடும்பம் யோசிக்கிறது; டயாலிசிஸோடு நிறுத்திக்கொள்கிறது; சில வீடுகளில் அதையும் பாதியில் நிறுத்துகிறது. ‘அவளே வேண்டாம்னுட்டா’ என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். வேண்டாம் என்று சொல்லும் நிலைக்கு அவரைக் கொண்டுவந்தது யார் என்று கேட்டுக்கொள்வதில்லை.

வெயிலில் உழைப்பவர்களை நாம் கணக்கிலேயே எடுக்கவில்லை. தமிழகத்தின் 125 கிராமங்களில் 3,350 விவசாயத் தொழிலாளிகளைச் சோதித்த சென்னை மருத்துவர்களின் ஆய்வு 2025இல் வெளியானது. இருபதில் ஒருவருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குச் சர்க்கரை, உயர் ரத்த அழுத்தம் போன்ற வழக்கமான காரணம் எதுவும் இல்லை. ஆந்திரத்தின் உத்தானத்திலும் இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் விவசாயக் குடும்பங்களைக் குலைத்த, காரணம் தெளிவாகாத அதே வகை நோய். வெப்பத்தில் நீரின்றி உழைப்பதும் காரணங்களில் ஒன்றாக இருக்கலாம் என்று அறிஞர்கள் சந்தேகிக்கிறார்கள். லால்குடியில் நாற்று நடும் பெண்கள், மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள், திருவெறும்பூரின் சின்னப் பட்டறைகளில் வெல்டிங் அடிப்பவர்கள், காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், நம் வீட்டு வாசலில் வெயிலில் வந்து பார்சல் கொடுக்கும் பையன்கள், இவர்களுக்கெல்லாம் எங்கே தண்ணீர், எங்கே நிழல், எங்கே கழிப்பறை என்று நாம் கேட்டோமா? ஒதுங்க இடம் இல்லாததால் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் வேலை செய்வது நமக்குத் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தோம்.

பொதுவில் செய்யாமல் விட்டவை

வழி தெரியாமல் இருந்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சென்னையின் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி, கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் 1990களின் பிற்பகுதியிலேயே சென்னையை அடுத்த கிராமங்களில் செய்து காட்டினார். பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் வீடு வீடாகப் போனார்கள். சிறுநீரில் சில துளி அமிலம் விட்டார்கள். கலங்கினால் புரதம் இருக்கிறது. பிரஷர் பார்த்தார்கள். நோய் இருந்தவர்களுக்கு மிக மலிவான மாத்திரைகளைக் கொடுத்துத் தொடர்ந்து கவனித்தார்கள். தலைக்கு ஆண்டுக்குச் சில ரூபாய்தான் ஆனது. பக்கத்தில் உள்ள கிராமங்களோடு ஒப்பிட்டபோது அங்கே சிறுநீரகப் பழுது கணிசமாகக் குறைந்திருந்தது. அந்த ஆய்வைச் சர்வதேச மருத்துவ இதழ்கள் வெளியிட்டன. நம் ஊரின் சங்கங்கள், அறக்கட்டளைகள், கல்லூரிகள் எதுவும் அதைப் பார்த்து இங்கே செய்ததாகத் தெரியவில்லை. கண் சிகிச்சை முகாம் நடத்தினோம், ரத்த தான முகாம் நடத்தினோம். ஒரு சிறுநீர்ச் சோதனை முகாம் நடத்தும் எண்ணம் வரவில்லை.

2021 ஆகஸ்டில் அரசு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வந்தன. வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்குத் தேவையான பைகளும் வந்தன. 2023இல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீரில் புரதம் பார்க்கும் திட்டமும் வந்தது. வாசலில் வந்து நின்ற தன்னார்வலரிடம், ‘எங்களுக்கு டாக்டர் இருக்காரும்மா’ என்று சொல்லி அனுப்பிய வீடுகள் நம்முடையவை. அந்த டாக்டரிடம் நாம் போய் எத்தனை மாதமாகிறது என்பது வேறு கதை.

தில்லைநகரில் மருத்துவமனைக்கு மருத்துவமனை ஏறி இறங்கும்போது நம் கையில் இரண்டு பிளாஸ்டிக் கவர்கள் இருக்கும். ஒன்று இதய டாக்டருடையது, இன்னொன்று கிட்னி டாக்டருடையது. இதைப் பார்த்தவர் அதைப் பார்க்கவில்லை. நாமும் எடுத்துக் காட்டவில்லை. இதயத்துக்காக நீரைப் பிரிக்க மாத்திரை கொடுத்தது சிறுநீரக மருத்துவருக்குத் தெரியாது. சிறுநீரகத்துக்காக ஒரு மாத்திரையை நிறுத்தியது இதய மருத்துவருக்குத் தெரியாது. 2023இல் அமெரிக்க இதயச் சங்கம் இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை-உடல்பருமன் போன்ற வளர்சிதைமாற்றக் கோளாறு ஆகிய மூன்றையும் ஒரே நோய்த்தொகுதியாக அறிவித்துவிட்டது. சர்க்கரைக்கு வந்த டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகள் இதயச் செயலிழப்பையும் சிறுநீரகத் தேய்வையும் சேர்த்தே மட்டுப்படுத்துகின்றன, சர்க்கரை இல்லாதவர்களிலும்கூட என்று 2019 முதல் வந்த பெரிய ஆய்வுகள் நிரூபித்தன. இந்தியாவில் முதல் மருந்தின் காப்புரிமையும், 2025 மார்ச்சில் இரண்டாவதன் காப்புரிமையும் முடிந்து விலை பல மடங்கு இறங்கியது. நம் அப்பாவுக்கு இது பொருந்துமா என்று கேட்கும் அளவுக்குக்கூட நாம் தெரிந்துகொள்ளவில்லை.

தொடக்கத்தில் கவனிக்காத நோய் கடைசியில் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதையும் பார்த்தோம். 2025இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் கடனில் சிக்கிய விசைத்தறித் தொழிலாளிகளிடம் தரகர்கள் சிறுநீரகம் வாங்கிய செய்தி வெளியானது. உயர்நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அந்த விவகாரத்தில் நம் ஊரும் பேசப்பட்டது. தரகர்களைத் திட்டினோம். பணம் உள்ளவருக்குச் சிறுநீரகம் தேவைப்படும் நிலை வராமல் தடுத்திருந்தால் ஏழையின் வயிற்றைக் கிழிக்கும் சந்தையும் இவ்வளவு பெருகியிருக்காது என்று யோசிக்கவில்லை. ஒரு புட்டி சிறுநீரைக் கொடுக்கச் சோம்பிய சமூகம், இன்னொருவரின் சிறுநீரகத்தை விலைபேசும் இடத்தில் வந்து நின்றது.

இனி

ஒப்புக்கொள்வது மட்டும் போதாது. 2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை சிறுநீரக நலத்துக்காக முதல்முறையாக ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஜெனிவாவில் தீர்மானம் போட்டால் திருவானைக்காவலில் யாருடைய கால் வீக்கமும் குறையாது. அதை நாம்தான் இங்கே செய்ய வேண்டும்.

சர்க்கரை, பிரஷர், இதய நோய் இருப்பவர்கள், குடும்பத்தில் யாருக்காவது சிறுநீரகம் பழுதானவர்கள், வெயிலில் உழைப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரில் ஆல்புமினும் ரத்தத்தில் இஜிஎஃப்ஆரும் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் இல்லாவிட்டால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஸ்ரீரங்கம் அரசு மருத்துவமனைக்கும் புத்தூர் பெரியாஸ்பத்திரிக்கும் போங்கள். இரண்டு கவர்களையும் ஒரே கவரில் போட்டு இரண்டு மருத்துவரிடமும் காட்டுங்கள். வலி மாத்திரையை நீங்களாக வாங்காதீர்கள். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கால் வீங்கினால், படுக்கும்போது மூச்சு வாங்கினால், இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறினால் காத்திருக்காதீர்கள்.

ஊரில் முகாம் நடத்தும் சங்கங்களும் கோயில், தர்கா, தேவாலய நிர்வாகங்களும் அடுத்த மார்ச்சில் வரும் உலகச் சிறுநீரக தினத்தன்று ஒவ்வொரு வார்டிலும் ஒரு சோதனை முகாம் நடத்தட்டும். ஆலை முதலாளிகளும் பண்ணைக்காரர்களும் தண்ணீரும் நிழலும் கழிப்பறையும் கொடுக்கட்டும். எம்.ஜி.ஆருக்காக ஓர் ஊராகச் சேர்ந்து வேண்டிக்கொள்ள நமக்குத் தெரிந்திருந்தது. ஓர் ஊராகச் சேர்ந்து சோதித்துக்கொள்ளவும் முடியும். இந்த வாரமே உங்கள் வீட்டில் வயதானவர் ஒருவரை அழைத்துப்போய் அந்தச் சோதனையைச் செய்யுங்கள்.